ஜூகோரியில் இருப்பது ‘கேரி’ அல்ல

விலங்குகள் வழியாக விதை பரவுவதைச் சொல்லும் ‘ஜூகோரி’ என்ற சொல், விலங்கு என்னும் ‘ஜூ’வும் ஆங்கிலத்தின் ‘கேரி’யும் (சுமத்தல்) சேர்ந்தது என்று இணையத்தில் ஒருவர் எழுத, பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். முதல் பாதி சரி, ‘ஜோயான்’ என்றால் கிரேக்கத்தில் விலங்குதான். இரண்டாம் பாதி அப்படியல்ல.

‘கோரி’ வருவது ‘கோரெயின்’ என்ற கிரேக்க வினையிலிருந்து. இடம் விடு, நகர், முன்னேறிச் செல் என்று பொருள். ஆங்கில ‘கேரி’யோ வண்டியைக் குறிக்கும் ‘காருஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. ஒலி கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் யாருக்கும் இந்தக் குழப்பம் வரலாம். நாயுருவி வேட்டியில் ஒட்டிக்கொண்டு கூடவே வருவதைப் பார்த்தால் ‘சுமத்தல்’ பொருத்தமாகத்தான் தோன்றும்!

ஆனால் இதே ‘கோரி’ சொற்குடும்பத்தில் ‘ஆட்டோகோரி’யும் இருக்கிறது: செடி தானே விதையைச் சிதறுவது. முற்றிய காசித்தும்பைக் காயை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள், பட்டென்று வெடித்துச் சுருண்டு விதைகளைத் தெறிக்கவிடும். அங்கே யார் எதைச் சுமக்கிறார்கள்?

சரிபார்ப்பதும் சுலபம். சொற்பிறப்பு தரும் பெரிய ஆங்கில அகராதி ஒன்றில் ‘ஜூகோரி’யையும் ‘கேரி’யையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அப்புறம் லிடல்–ஸ்காட் கிரேக்க அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ‘கோரெயின்’ தேடும்போது ஓமெகா (கிரேக்க நெடில் ‘ஓ’) எழுத்தில் தேடவும். ஓமிக்ரானில் (குறில் ‘ஒ’) தேடினால் நடனக் குழுவைக் குறிக்கும் ‘கோரோஸ்’ பக்கம் போய்விடுவீர்கள், அது வேறு சொல்.