24 பிரேமாக மாற்றினால் மட்டும் போதாது

செக்கனுக்கு 50 பிரேமில் (தனிப்படங்களில்) எடுத்த காணொளியை மென்பொருளில் 24 பிரேமாக மாற்றினாலே பிலிமில் எடுத்த தோற்றம் வந்துவிடும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பிரேம் எண்ணிக்கை முக்கியந்தான். ஆனால் பிலிமில் நாம் காணும் அசைவின் மென்மை, ஒவ்வொரு பிரேமிலும் எவ்வளவு நேரம் ஒளி பட்டது என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது. 180 பாகை ஷட்டர் (ஒவ்வொரு பிரேமுக்குரிய நேரத்திலும் பாதி நேரம் மட்டும் ஒளியை உள்ளே விடும் சுழல்தகடு) கொண்ட பிலிம் கமரா 24 பிரேமில் ஓடும்போது அந்த நேரம் 1/48 செக்கன்; நம் யாழ்ப்பாணத்து நண்பகல் வெயிலில் கைபேசியோ அதைத் தானாகவே 1/1000 செக்கன் வரை சுருக்கிவிடுவதுண்டு. பின்னர் மென்பொருள் சேர்க்கும் அசைவு மங்கல், அதாவது அசையும் பொருள் கரைந்து தெரிவது, ஊகித்து உருவாக்கப்படுவதே.

ஓடும் துவிச்சக்கரவண்டியின் சில்லை, 24 பிரேமிலேயே, ஷட்டரை 1/50 இலும் 1/1000 இலும் வைத்து எடுத்து, இடையில் நிறுத்திப் பாருங்கள். முதலாவதில் கம்பிகள் கரைந்து தெரியும். இரண்டாவதில் ஒவ்வொன்றாக எண்ணலாம்.