லெம்பேயில் ஒரு மீனின் முதுகு

போன வாரம் நான் இங்கே போட்டிருந்த தவளைமீன் படத்தை நேற்று நீக்கிவிட்டேன். ஏன் என்று மூன்று பேர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

இந்தோனேசியாவின் வடக்கு சுலாவெசிக்கும் லெம்பே தீவுக்கும் இடையில் ஒரு குறுகிய நீரிணை இருக்கிறது. அங்கே கடலுக்குள் மூழ்கிப் பார்க்கப் போனபோது எடுத்த படம் அது. சிங்கப்பூரிலிருந்து மனாடோவுக்கு விமானம், அங்கிருந்து பித்துங் துறைமுகம் வரை கார், பிறகு படகு. எரிமலைகள் தந்த கறுப்பு மணல்தான் அங்கே கடலடி. தலைக்கு மேலே சரக்குக் கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் போய்க்கொண்டிருக்கும். கீழே பீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு, பாதி புதைந்த டயர். முதல் நாள் இறங்கிய பத்து நிமிடம், 'சேர்த்து வைத்த பணத்தை இந்தக் குப்பையில் கொண்டுவந்து கொட்டினேனே' என்றுதான் நினைத்தேன்.

இதற்குப் பெயர் மக் டைவிங். சகதியில் மூழ்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். பப்புவா நியூகினியில் டைவிங் படகு நடத்திய பாப் ஹால்ஸ்டெட் என்பவரால் பரவிய பெயர். பவளப்பாறையில் ஒளிந்துகொள்ள ஆயிரம் பொந்துகள் உண்டு. வெறும் மணலில் ஒன்றும் கிடையாது. அதனால் இங்கே வாழும் உயிர்கள் வேறொன்றாக நடிக்கக் கற்றுக்கொண்டிருக்கின்றன. சுலாவெசிக் கடலில் 1998இல் கண்டறியப்பட்ட ஒரு பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்), தட்டைமீன் போலவும் கடல்பாம்பு போலவும் உருவம் காட்டும். அதற்கு முறையான அறிவியல் பெயர் கிடைக்க 2005 ஆகிவிட்டது. இன்னொரு வகைப் பேய்க்கணவாய், இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை இடுக்கிக்கொண்டு நடந்து, ஆபத்து வந்தால் அவற்றுக்குள் புகுந்து மூடிக்கொள்ளும். விலங்குகள் கருவியைப் பயன்படுத்துவதற்கு உதாரணமாக 2009இல் ஆய்வாளர்கள் எழுதியது அதைப் பற்றித்தான். நான் பார்த்த பேய்க்கணவாய்க்குச் சிரட்டை கிடைக்கவில்லை போலிருக்கிறது. பிளாஸ்டிக் குவளைக்குள் உட்கார்ந்து என்னை முறைத்தது.

விடுதி வாழ்க்கையே வேடிக்கை. கடற்கரையில் யாரும் படுத்துக் கிடப்பதில்லை. எல்லாரும் கேமரா அறையில் இருக்கிறார்கள். மேசைக்கு மேசை துண்டு விரித்து, அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவர் போல லென்ஸைத் துடைக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டில் 'நீ எதைப் பார்த்தாய்?' என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வெள்ளைப் பலகை ஒன்றில் நாளைக்கு என்ன வேண்டும் என்று எழுதி வைக்கலாம். ஓட்டலில் தோசையா, ஊத்தப்பமா என்று சொல்வது மாதிரி, 'கடல்குதிரை, பெண்ணாக இருந்தால் நல்லது' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

நானும் எழுதினேன்: முடி முளைத்த தவளைமீன்.

எங்கள் வழிகாட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். அந்தப் பக்கத்தில் மூத்த ஆண்களை 'ஓம்' என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். என் கண்ணுக்குப் பாசியாகத் தெரிந்ததை அவர் எஃகுக் குச்சியால் சுட்டிக்காட்டினார். பார்த்துக்கொண்டே இருந்தபோது அந்தப் பாசிக்கு ஒரு வாய் முளைத்தது. நெற்றியில் புழுவைப் போல ஒரு தூண்டில். அதை ஆட்டி ஆட்டிக் காத்திருக்கும். சின்ன மீன் நெருங்கினால் விழுங்க அதற்கு ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. நீந்துவதற்குப் பதில் துடுப்புகளை ஊன்றி நடக்கிற சோம்பேறி. அசையாமல் இருப்பதுதான் அதன் பிழைப்பு.

அது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. ஓம் பக்கம் திரும்பி, விரலால் ஒரு வட்டம் போட்டேன். திருப்புங்கள் என்று அர்த்தம். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, குச்சியின் நுனியால் அதன் வாலருகே மெல்லத் தள்ளினார். மீன் தடுமாறித் திரும்பியது. எடுத்தேன். நீங்கள் எல்லாரும் இதயம் போட்ட படம் அதுதான். நான் விலகியதும் பின்னால் காத்திருந்த இருவர் வந்தார்கள். ஒருவருக்கு இடப்பக்கம் வேண்டியிருந்தது, இன்னொருவருக்கு வாய் திறந்திருக்க வேண்டும். தூண்டில் சுருண்டு மடங்கிவிட்டது. அதன்பிறகு அது ஆடவேயில்லை.

கண்ணைக் கூச வைக்கும் ஃப்ளாஷ்தான் கெடுதல் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். 2019இல் வெளியான ஓர் ஆய்வு, தொட்டு நகர்த்துவதுதான் இந்த மீன்களை அதிகம் பாதிக்கிறது என்றது. ஃப்ளாஷைப் பொறுத்தவரை, ஆள் அருகில் வந்து நிற்பதைவிட அது பெரிதாக எதையும் செய்துவிடவில்லை. அப்படியானால் கேமராவைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. கையையும் குச்சியையும்தான் சொல்ல வேண்டும்.

வழிகாட்டிகளைத் திட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. மணலைக் கிளப்பாமல் ஓரிடத்தில் நிற்க அந்தக் குச்சி தேவை, சுட்டிக்காட்டவும் தேவை. அதைத் தார்க்குச்சியாக்கியது விருந்தாளிகளின் விரல்கள்தான். நல்ல படம் கிடைத்தால் டிப்ஸ் கூடும் என்று அவர்களுக்குத் தெரியும். இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் மக் டைவிங் ஆண்டுக்கு 15 கோடி டாலருக்கு மேல் ஈட்டுகிறது என்கிறது 2017இல் வந்த ஓர் ஆய்வு. மனாடோவுக்கு அந்தப் பக்கம் புனாக்கென் 1991லேயே கடல் தேசியப் பூங்கா ஆகிவிட்டது. அங்கே பவளம் இருக்கிறது, பார்க்க அழகு. சகதிக்கு யார் வேலி போடுவார்கள்? விடுதிச் சுவரில் 'எதையும் தொடாதீர்கள்' என்று அழகான பலகை தொங்கியது. அதற்கு நேர் கீழேதான் டிப்ஸ் பெட்டி.

கடைசி நாள் காலை, படகில் ஓமிடம் சொன்னேன்: "இன்றைக்கு எதையும் நகர்த்த வேண்டாம்."

அவர் கண்ணாடி மங்காமல் இருக்க டைவிங் முகமூடியில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டே, "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றார்.

மறுபடியும் அந்தத் தவளைமீனைத் தேடிப் போனோம். பழைய இடத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி இருந்தது. மறுபடியும் முதுகு. ஓம் குச்சியை மணலில் ஊன்றி, அதைப் பிடித்தபடி மிதந்தார். இருபத்தைந்து நிமிடம். குளிர் எலும்புக்குள் இறங்கியது. தூண்டில் ஆடுவது பக்கவாட்டில் கொஞ்சம் தெரிந்தது. எதையாவது பிடித்ததா என்று தெரியவில்லை. சிலிண்டரில் காற்றின் அழுத்தம், மேலே திரும்ப வேண்டிய ஐம்பது பாருக்கு இறங்கியதும் மேலே வந்துவிட்டோம்.

இத்துடன் இருப்பது அன்றைக்கு எடுத்த படம். நடுவில் மயிர்க்கற்றை மாதிரி இருப்பது மீன். இடது மூலையில் மங்கலாகத் தெரிவது ஓமின் குச்சி.