தள்ளிப்போட்டது நீங்கள், திட்டு எனக்கு

அந்த வீடியோவைப் பார்க்காதவர் யாரும் இங்கே இருக்க வாய்ப்பில்லை. கிளையண்ட் முன்னால் லேப்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆகி, புரொஜெக்டரில் விண்டோஸ் அப்டேட் சக்கரம் சுற்ற, பின்னணியில் சிரிப்பு, "எங்க ஐ.டி. டீம் கைவண்ணம்" என்று கேப்ஷன். அந்த அப்டேட்டை விடும் ஐ.டி. ஆளான எனக்கே ஆளாளுக்கு ஃபார்வர்ட் செய்கிறீர்கள். சரி, சிரித்தாயிற்றா?

அந்த லேப்டாப்புக்கு அப்டேட் அன்று காலையில் போகவில்லை. மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பேட்ச், அதாவது ஓட்டைகளை அடைக்கும் அப்டேட், விடும். நம் நேரத்துக்கு அது ராத்திரி பத்தரைக்கு மேல். வந்ததும் எல்லோர் தலையிலும் கொட்டிவிடுவதில்லை. சர்வரில் இறக்கி, முதலில் எங்கள் மெஷின்களில் போட்டு, அப்புறம் துறைக்கு ஒன்றிரண்டில் போட்டு, டாலி திறக்கிறதா, பிரிண்ட் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் மொத்த ஆபீசுக்கும் அப்ரூவல். அதற்கு மேல் ஒரு வாரம் கெடு. அந்த வாரம் முழுக்க திரையின் மூலையில் "ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்று கெஞ்சுகிறது. ஒவ்வொரு முறையும் "பிறகு" என்று அமுக்கியது நானா? கெடு முடிந்தது, அதுவாக ரீஸ்டார்ட் ஆனது. தள்ளிப்போட்டது நீங்கள், திட்டு எனக்கு.

"என் மெஷின், எனக்குத் தெரியாதா எப்போது போடுவதென்று?" தெரியாது சார். நெட்வொர்க்கில் மாட்டிய பிறகு "என் மெஷின்" என்று ஒன்று கிடையாது. 2017 மே 12 அன்று வான்னாகிரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) பரவியதே, அது நுழைந்த விண்டோஸ் ஓட்டைக்கு மார்ச் 14-ஆம் தேதியே பேட்ச் வந்துவிட்டது. இடையில் இரண்டு மாதம் "பிறகு, பிறகு" என்று ஓடியது. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை. ஒரு மெஷினுக்குள் நுழைந்தால் பக்கத்து மெஷினைத் தானே தேடிப் போகும். பிரிட்டனின் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவையின் மருத்துவமனைகளில் 19,000-க்கு மேல் அப்பாயிண்ட்மெண்ட்கள் ரத்தானதாகக் கணக்கிட்டார்கள்.

"ஒரு மெயில் போட்டால் நாங்களே போட்டுக்கொள்வோமே?" அதே வருடம் ஈக்விஃபேக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனத்தில் அதைத்தான் செய்தார்கள். 48 மணி நேரத்தில் பேட்ச் போடுங்கள் என்று உள்ளுக்குள் மெயில் போனது. ஒரு சர்வரில் போடவில்லை. சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் போயிற்று. இவ்வளவுதான் மெயிலுக்கு மரியாதை.

அடுத்து யாராவது 2024 ஜூலை 19-ஐ இழுப்பீர்கள். 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்தன, நம் விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதினார்கள், உண்மைதான். ஆனால் அது விண்டோஸ் அப்டேட்டே இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனியின் ஒரு ஃபைல், படிப்படியாகப் போகாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. அதனால்தானே நான் படிப்படியாக விடுகிறேன்! 2021 மார்ச்சில் பிரிண்ட் கொடுத்தாலே மெஷின் நின்று ப்ளூ ஸ்கிரீன் வந்த விண்டோஸ் பேட்ச்? ஆமாம், வந்தது. விடுங்கள்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் அக்கவுண்ட்ஸ் மெஷினுக்கு மட்டும் விலக்கு. மாதக் கடைசி, ஜி.எஸ்.டி., ஆடிட் என்று எப்போதும் ஒரு காரணம். பெரியவர் சொன்னால் மறுபேச்சு ஏது? ரான்சம்வேர் வந்து உட்கார்ந்தது அதே மெஷினில்தான். பேக்கப் அதே மெஷினின் டி டிரைவில். அன்றைக்கும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். விலக்குக் கேட்டவர் ஊரில் இல்லை.

ஞாயிறு ராத்திரி சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, அது எழுந்துவிட்டதென்று பிங்குக்குப் பதில் திரும்பி வரும்வரை ஒருவன் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? திங்கட்கிழமை காலை எல்லாம் ஓடினால், "இவனுக்கு என்ன வேலை, ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருக்கிறான்." ஓடாவிட்டால் வீடியோ. டெஸ்ட் செய்ய நான்கு பழைய மெஷின் கேட்டேன், பட்ஜெட் இல்லை என்றார்கள். அதே மாதம் மீட்டிங் ரூமுக்குப் புது சோபா வந்தது. சோபா நன்றாகவே இருக்கிறது.

நேற்றிலிருந்து மேனேஜர்கள் வரிசையாகப் போன் செய்து, "என் லேப்டாப்பை மட்டும் லிஸ்டிலிருந்து எடுத்துவிடுப்பா" என்கிறார்கள். தாராளமாக எடுக்கிறேன், காரணத்தையும் உங்கள் பெயரையும் போட்டு ஒரு மெயில் அனுப்புங்கள் என்றேன். எல்லோருக்கும் அப்புறம் வேறு போன் வந்துவிட்டது.