சாமியிடம் வட்டி கேட்காதவர்கள்

எங்கள் காரைக்குடிப் பக்கம், செட்டியார் வீடுகளில் துக்கம் கேட்க வருகிறவர்களில் சிலருக்கு ஒரு பழக்கம். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே, "எல்லாம் நல்லதுக்குத்தான், ஆண்டவன் ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கொடுப்பான்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். போன வருடம் என் தம்பி தவறியபோது அப்படிச் சொன்னவரிடம் ஆத்தா பட்டென்று கேட்டார்கள்: "அவ்வளவு நல்லதுன்னா உங்க வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்களேன்." வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், ஒருவரும் வாய் திறக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்தபின் சாமி அறையில் முதலில் விளக்கேற்றியதும் அதே ஆத்தாதான். குன்றக்குடி முருகனைத் திட்டிக்கொண்டேதான் ஏற்றினார்கள்.

எனக்குத் தெரிந்த இறைநம்பிக்கை இதுதான். வட்டித் தொழிலில் வளர்ந்த ஊர் என்பதாலோ என்னவோ, சாமியையும் கடன் வாங்கியவர் மாதிரி பார்க்கும் புத்தி நமக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது. இவ்வளவு கும்பிட்டேனே, எங்கே வரவு என்று கேட்கிறோம்.

பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த எங்கள் ஐயாக்களுக்கு, தாத்தாக்களுக்கு, வரவே வரவில்லை. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் எல்லையிலுள்ள தமு, மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் அப்படிக் கிளம்பியதில் பல ஆயிரம் பேர் காலராவிலும் பசியிலும் வழியிலேயே போனார்கள். போர் முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தவர்களுக்கு 1948-இல் நில தேசியமயச் சட்டம், 1960-களில் ராணுவத் தலைவர் நெ வின் ஆட்சியில் மிச்சமிருந்த கடைகளும் கைவிட்டுப் போயின. ஊர் திரும்பியவர்கள் பர்மா தேக்குத் தூண்களுக்கு நடுவே, அந்தப் பெரிய வீடுகளில் சிக்கனமாகக் குடும்பம் நடத்தினார்கள். அப்போதும் புதுக் கணக்கில் பிள்ளையார் சுழி போட்டார்கள், வரவில் ஒரு பங்கைக் கோயிலுக்கு மகமையாக எடுத்து வைத்தார்கள். இத்தனைக்கும் அந்த வருடம் மகமை எடுக்கும் அளவுக்கு என்ன வரவு இருந்திருக்கும்!

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. 1930-களின் மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம்தான் நம்மவர் கைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 'முருகன் ஏன் நம்மைக் கைவிட்டான்' என்று காரைக்குடியில் கேட்டதற்கு முன்பே, ஐராவதிக் கரையில் ஒரு விவசாயி புத்தர் முன்னால் உட்கார்ந்து அதையே கேட்டிருப்பார். ஆண்டவன் நம் பக்கம் மட்டும் நிற்பதாக நினைக்கிற பக்தி எனக்கு ஒத்துவருவதில்லை.

அதனால்தான் நம் பிள்ளையார் நோன்பு எனக்கு நெருக்கமானது. கொண்டுவிற்கப் போனவர்கள், அதாவது கப்பலேறி வியாபாரத்துக்குப் போனவர்கள், புயலில் சிக்கிப் பிள்ளையாரை நம்பிக் கரைசேர்ந்த கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தொன்றாம் நாள், கோடி வேட்டியிலிருந்து இருபத்தொரு இழை எடுத்துத் திரித்து, மாவில் வைத்து, சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறோம். சின்ன வயதில் நாக்கு சுட்டுவிடும் என்று நானும் தம்பியும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிவோம். அப்பச்சிதான், எங்கள் அப்பாதான், இழுத்து வந்து இழை கொடுப்பார்கள். அந்தக் கதையிலும் புயல் வராமல் இல்லை, கவனியுங்கள். கப்பலில் போன எல்லோரும் திரும்பியிருக்கவும் மாட்டார்கள். திரும்பாதவர் வீட்டிலும் மறு வருடம் நோன்பு நடந்திருக்கும்.

'அப்படியானால் கும்பிட்டு என்ன பயன்?' என்று ஒரு நண்பர் கேட்டார். ஆத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். என்னிடமும் பெரிய பதில் ஒன்றும் கிடையாது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடிகளோடு பழனிக்கு நடக்கப் பெயர் கொடுத்திருக்கிறேன். தம்பி விஷயமாக முருகனிடம் கேட்க நிறைய இருக்கிறது, அங்கே போயே கேட்டுக்கொள்கிறேன்.