ஹாலோவீனுக்குத் தடை போட்டார்களா?

அக்டோபர் 31 அன்று பிள்ளைகள் பேய் வேடம் போட்டு, வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் கொண்டாட்டம்தான் ஹாலோவீன். "கொரோனா பரவிய 2020-இல் அமெரிக்க அரசு ஹாலோவீனையே தடை செய்துவிட்டது, குழந்தைகள் மிட்டாய் வாங்கக்கூட வெளியே போக முடியவில்லை" என்றொரு தகவல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இது தவறு.

சி.டி.சி. எனப்படும் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியிட்டது பரிந்துரைதான். கொண்டாட்டங்களை ஆபத்தின் அளவை வைத்து மூன்றாகப் பிரித்திருந்தது. வீட்டாருடன் உட்கார்ந்து, ஹாலோவீன் அலங்காரத்துக்காகப் பரங்கிக்காய் குடைவது குறைந்த ஆபத்து. முகக்கவசத்துடன், இடைவெளி விட்டு, பரங்கித் தோட்டத்துக்கோ ஆப்பிள் தோப்புக்கோ போய்வருவது நடுத்தரம். வீடு வீடாகக் கதவைத் தட்டி மிட்டாய் வாங்குவது அதிக ஆபத்து. அதற்கும் மாற்றுவழி சொன்னார்கள்: மிட்டாயைத் தனித்தனிப் பைகளில் கட்டி வாசலுக்கு வெளியே வரிசையாக வைத்துவிட்டால், பிள்ளைகள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். பேய் முகமூடி முகக்கவசத்துக்கு ஈடாகாது, இரண்டையும் சேர்த்துப் போட்டால் மூச்சு முட்டலாம் என்பதுவரை யோசித்திருந்தார்கள். தடை போடுகிறவர்கள் இவ்வளவு மெனக்கெடுவார்களா?

புகை கிளம்பியதற்கு ஒரு பொறி இருந்தது. கலிஃபோர்னியாவில் உள்ள லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) சுகாதாரத் துறை செப்டம்பர் 8 அன்று, வீடு வீடாகப் போக அனுமதி இல்லை என்று அறிவித்தது. மறுநாளே அதை 'பரிந்துரைக்கவில்லை' என்று மாற்றிக்கொண்டது. வெளியாட்களைக் கூட்டி நடத்தும் விருந்துகள், வருகிறவர்களைப் பயமுறுத்தி மகிழ்விக்க அமைக்கும் 'பேய் வீடுகள்' போன்றவற்றுக்கு மட்டும் அங்கே தடை நீடித்தது. ஆனால் முதல் நாள் அறிவிப்பு அதற்குள் கடல் தாண்டியிருந்தது.