ஷாம்பு பாட்டிலின் பின்பக்கம்

பாராபென் இல்லை, சல்ஃபேட் இல்லை, சிலிக்கோன் இல்லை என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்துத்தான் இன்று நிறையப் பேர் ஷாம்பு வாங்குகிறார்கள். இல்லாததை இத்தனை சத்தமாகச் சொல்கிறவர்கள், அதற்குப் பதிலாக எதைப் போட்டார்கள் என்பதை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய பொடி எழுத்தில் பின்னால் அச்சடிக்கிறார்கள். அந்த வாசகங்கள் பெரும்பாலும் உண்மைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த உண்மையால் உங்கள் தலைக்கு என்ன லாபம் என்பதுதான் என் கேள்வி. பயத்தை விற்க நல்ல வழி, அவ்வளவுதான். சட்டப்படி அனுமதித்த ஒரு பொருளை மட்டம்தட்டும் "பாராபென் இல்லை" மாதிரியான வாசகங்கள் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜூலையிலிருந்து வழிகாட்டுதலே இருக்கிறது. மற்ற இடங்களில் இந்த வியாபாரம் இன்னும் ஜோராக ஓடுகிறது.

சரி, பின்பக்கத்தை எப்படிப் படிப்பது? எது அதிகமோ அது முதலில், எது குறைவோ அது கடைசியில் என்ற வரிசையில் எழுத வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளில் விதி. ஆனால் அந்த விதியிலேயே ஒரு சந்து உண்டு. 1 சதவீதத்துக்கும் குறைவாக இருப்பவற்றை இஷ்டத்துக்கு எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். அந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று கம்பெனி சொல்லாது, நாம்தான் ஊகிக்க வேண்டும். ஃபீனாக்சிஎத்தனால் என்று ஒரு பிரிசர்வேட்டிவ், அதாவது கெட்டுப்போகாமல் காக்கும் பொருள், பல பாட்டில்களில் இருக்கும். ஐரோப்பாவில் அதற்கு அனுமதித்த உச்ச அளவே 1 சதவீதம். அதனால் பட்டியலில் அதைத் தாண்டி வருவதெல்லாம் சொற்பம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

என்னிடம் இருக்கும் ஒரு கண்டிஷனரின் முன்பக்கத்தில் பொன்னிறமாக ஆர்கான் எண்ணெய் சொட்டுகிற படம். பின்னால் திருப்பினால் தண்ணீர், செட்டரைல் ஆல்கஹால், பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, டைமெத்திகோன், நறுமணம், ஃபீனாக்சிஎத்தனால், அதற்கும் அப்புறம்தான் ஆர்கான் எண்ணெய், அதை ஒட்டி நிறமி. படத்தில் இருக்கிற அந்த ஒரு பெரிய சொட்டு பாட்டில் முழுக்கச் சேர்த்தாலும் தேறுமா என்பது சந்தேகம். தலையில் வேலை பார்ப்பது முதல் நான்கு பேர், விளம்பரத்துக்கு முகம் காட்டுவது கடைசிக்கு முந்தைய ஆள்.

ஷாம்புவுக்கு வருவோம். அதில் பெரும்பங்கு தண்ணீர், அடுத்து வருவது சர்ஃபாக்டன்ட், அதாவது அழுக்கை எடுக்கும் பொருள். இதன் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். இப்படி நிறைய மூலக்கூறுகள் சேர்ந்து எண்ணெய்ப் பசையை நடுவில் வைத்துச் சூழ்ந்துகொள்ள, அலசும்போது எல்லாமாகத் தண்ணீரோடு போய்விடும். சோடியம் லாரில் சல்ஃபேட், சோடியம் லாரெத் சல்ஃபேட் இரண்டும் இந்த வகைதான். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் தோலில் இரண்டும் ஒன்றல்ல. லாரில் கடுமையானது, தோல் எரிச்சலை ஆராய்கிறவர்கள் சோதனைக்காக வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்கப் பயன்படுத்துகிற பொருளே அதுதான். லாரெத் அதைவிட மென்மையானது, அதனால்தான் ஷாம்புகளில் அதிகம் காணப்படுவது லாரெத்.

இவை புற்றுநோய் தரும் என்ற கதை 1990களின் கடைசியில் கைமாறிக் கைமாறிப் போன மின்னஞ்சல்களில் கிளம்பியது. சோடியம் லாரில் சல்ஃபேட் புற்றுநோய் தரும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தவில்லை. லாரெத்தைத் தயாரிக்கும்போது 1,4-டையாக்ஸேன் என்ற வேண்டாத பொருள் துளியளவு உண்டாகும் என்பது உண்மை. தொழிற்சாலையிலேயே வெற்றிட முறையில் அதை உறிஞ்சி எடுத்துவிட முடியும், அதைச் செய்கிறார்களா என்று கண்காணிப்பது அரசுகளின் வேலை. கண்காணிப்பு வேண்டும் என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். அதற்காக லாரெத் பட்ட தலையெல்லாம் ஆபத்தில் இருக்கிறது என்று ரீல் போடாதீர்கள்.

உலர்ந்த உச்சந்தலை, எக்ஸிமா, சாயம் போட்ட முடி, இவர்களுக்கெல்லாம் சல்ஃபேட் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் சல்ஃபேட் இல்லை என்ற பாட்டிலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பலவற்றில் சோடியம் சி14-16 ஓலெஃபின் சல்ஃபோனேட் இருக்கும். வேதியியல் கணக்கில் அது சல்ஃபேட் கிடையாது, சரிதான், ஆனால் முடியில் இருக்கிற எண்ணெயைச் சல்ஃபேட்டுக்குச் சளைக்காமல் வழித்து எடுத்துவிடும். உண்மையில் மென்மையானது வேண்டும் என்றால் தேட வேண்டிய பெயர்கள் சோடியம் கோக்கோயில் ஐசெத்தியோனேட், டெசில் குளுக்கோசைடு, கோக்கோ குளுக்கோசைடு போன்றவை. இன்னொன்று, தனியாக ஒரு பெயரைப் பார்த்து முடிவு கட்டவும் முடியாது. லாரெத்தோடு கோக்கமிடோபுரோப்பில் பீட்டெய்ன் சேர்த்தால் மொத்தக் கலவையின் எரிச்சல் குறையும். பீட்டெய்ன் மட்டும் ரொம்பச் சாது என்றும் நினைக்க வேண்டாம். தயாரிப்பில் அதோடு தங்கிவிடுகிற அசுத்தங்களால் சிலருக்கு ஒவ்வாமை வந்து, அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2004ல் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. ஆமாம், வருடா வருடம் இப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தச் சங்கம் இந்தப் பதிவில் இன்னும் இரண்டு முறை வரும்.

நுரை பற்றியும் ஒரு வார்த்தை. நுரை அதிகம் என்றால் சுத்தம் அதிகம் என்று அர்த்தமில்லை. எண்ணெய் நிறைய இருந்தால் முதல் தடவை நுரை எழும்பாது, ஷாம்பு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். அது கெட்டியாக இருப்பதும் தரத்தின் அடையாளம் இல்லை. லாரெத் கலவையில் சாதாரண உப்பைப் போட்டாலே கெட்டியாகிவிடும். பட்டியலில் சோடியம் குளோரைடு இருப்பது பெரும்பாலும் அதற்காகத்தான்.

கண்டிஷனரின் சூட்சுமம் வேறு. முடியின் மேல்தோல் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அதன் மேலே இயற்கையாகவே ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் உண்டு, ப்ளீச் செய்தால் போய்விடும். படலம் போன இடத்தில் எதிர்மின்னூட்டம் அதிகமாகி, முடிக்கு முடி உரசிச் சிக்கும். பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடு போன்றவை நேர்மின்னூட்டம் கொண்டவை, அதனால் எங்கே சேதம் அதிகமோ அங்கே தாமாகவே போய் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். அலசிய பிறகும் தங்குவது இதனால்தான். எனக்கு இந்தச் சந்தையிலேயே மரியாதை உள்ள பொருள்கள் இவைதான், ஆனால் ஒரு பாட்டிலின் முகப்பிலும் இவற்றின் பெயர் வராது, ரசாயனம் மாதிரித் தெரிகிறதே!

செட்டைல், செட்டரைல் என்ற பெயர்களோடு ஆல்கஹால் இருப்பதைப் பார்த்து, முடி உலர்ந்துவிடும் என்று அலறுகிறவர்களுக்கு: அது மெழுகு போன்ற திடப்பொருள், முடியை உலர்த்தாது, வழவழப்பாக்கும். உலர்த்துவது எத்தனால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போன்ற சீக்கிரம் ஆவியாகிற வகை.

சிலிக்கோன் அடுத்த வில்லன். டைமெத்திகோன் முடியில் படலமாகப் படியும், உரசலைக் குறைக்கும், பளபளப்புத் தரும். முடிக்கு மூச்சு முட்டும் என்கிறார்கள். முடி கெரட்டின் என்ற புரதத்தாலான இறந்த இழை, அதற்கு ஏது மூச்சு? தண்ணீரில் கரையாது என்பதால் சேர்ந்துகொண்டே போய் மெல்லிய முடியைக் கனக்க வைக்கலாம் என்பது நியாயமான புகார். அப்படித் தோன்றினால் நன்றாக அழுக்கெடுக்கிற ஒரு சாதாரண ஷாம்பு போட்டால் பெரும்பாலும் போய்விடும். வேடிக்கை என்னவென்றால், சல்ஃபேட்டும் வேண்டாம் என்று மிக மென்மையான ஷாம்புவுக்கு மாறி, கண்டிஷனரில் மட்டும் கனமான சிலிக்கோனை வைத்துக்கொண்டால்தான் அந்தக் கனக்கிற புகார் வரும். சுற்றுச்சூழல் காரணம் தனி. டி4, டி5 என்ற வளையச் சிலிக்கோன்களை அலசிவிடும் பொருள்களில் 0.1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பா 2020 ஜனவரி இறுதியிலிருந்து கட்டுப்படுத்தியது, அவை நீரில் சேர்ந்து அழியாமல் நிற்பதால். இந்தக் காரணம் சொல்லி ஒருவர் சிலிக்கோனைத் தவிர்த்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இப்போது பாராபென். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல நினைத்தேன். தண்ணீர் நிறைந்த பாட்டில், ஈரமான குளியலறை, பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர இதைவிட வசதியான இடம் கிடையாது. அதனால் கெட்டுப்போகாமல் காக்க ஏதாவது சேர்த்தே ஆக வேண்டும். பல பத்தாண்டுகளாக அந்த வேலையைப் பார்த்தவை பாராபென்கள். 2004ல் பிரிட்டனில் ஃபிலிப்பா டார்ப்ரே குழுவினர் 20 மார்பகக் கட்டி மாதிரிகளில் பாராபென் இருப்பதைக் கண்டு வெளியிட்டார்கள். அருகிலுள்ள ஆரோக்கியமான திசுவோடு அந்த ஆய்வில் ஒப்பீடு இல்லை, பாராபென்தான் கட்டிக்குக் காரணம் என்றும் அது காட்டவில்லை. ஆனால் செய்தி அப்படியா போகும்? பாராபென் என்றால் புற்றுநோய் என்றே பரவியது. கவலை முழுக்க ஆதாரமற்றதும் அல்ல. உடலின் ஹார்மோன்களைக் குழப்பலாம் என்ற சந்தேகத்தாலும் போதிய தகவல் இல்லாததாலும் ஐரோப்பா 2014ல் ஐந்து வகைப் பாராபென்களைத் தடை செய்து, புரோப்பைல், பியூட்டைல் வகைகளின் அளவை 0.14 சதவீதமாகக் குறைத்தது. மெத்தில், எத்தில் வகைகளைப் பழைய வரம்பிலேயே விட்டுவைத்தது.

நிறுவனங்கள் என்ன செய்தன? பெயர் கெட்டுப்போன பொருளைத் தூக்கிவிட்டு வேறொன்றைத் தேடின. 2005ல் ஐரோப்பாவில் மெத்தில்ஐசோதையாசோலினோன் என்ற பிரிசர்வேட்டிவை அழகுசாதனங்களில் வேறொன்றோடு கலக்காமல் தனியாகப் பயன்படுத்த அனுமதி கிடைத்திருந்தது, 0.01 சதவீதம் வரை. ஷாம்பு, கிரீம், ஈரத் துடைப்பான் என்று எல்லாவற்றிலும் அது புகுந்தது. சில வருடங்களில் தோல் மருத்துவர்களிடம் கூட்டம், முகம் சிவந்து, இமை வீங்கி, கழுத்து அரித்து. 2013ல் அதே அமெரிக்கச் சங்கம் இதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. பூசி விட்டுவிடும் பொருள்களில் ஐரோப்பா 2017ல் இதைத் தடை செய்தது, அலசிவிடும் பொருள்களில் அளவை 0.0015 சதவீதத்துக்கு இறக்கியது. பாராபெனுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? ஒவ்வாமை மிக அரிது என்று சொல்லி, 2019ல் அந்தச் சங்கம் அதற்கு "ஒவ்வாமை தராத பொருள்" என்ற பட்டத்தைக் கொடுத்தது. நிரூபணமாகாத ஒரு பயத்துக்காக, நிஜமாகவே தோலைப் பதம்பார்க்கிற ஒன்றைக் காசு கொடுத்து வாங்கித் தலையில் தேய்த்துக்கொண்டார்கள். முன்பக்கத்தில் பாராபென் இல்லை என்று இருந்தது. உண்மைதானே!

இதே வரிசையில் கவனிக்க வேண்டிய இன்னொரு பெயர் டிஎம்டிஎம் ஹைடான்டோயின். கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மால்டிஹைடை வெளியிட்டு அதன் மூலம் கிருமிகளைத் தடுக்கும். ஃபார்மால்டிஹைடு ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். நறுமணம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் டஜன் கணக்கில் பொருள்கள் ஒளிந்திருக்கும், ஒவ்வாமைக்கு அதுவும் பெரிய காரணம். இயற்கை எண்ணெய் வாசனை என்று போட்டிருந்தாலும் இதே கதைதான்.

கெரட்டின், பயோட்டின், வைட்டமின் பற்றி நீட்ட விரும்பவில்லை. நீராற்பகுத்த, அதாவது சிறு துண்டுகளாக உடைத்த, புரதம் முடிமேல் கொஞ்சம் ஒட்டித் தற்காலிகமாக வலுவாக உணர வைக்கும். பேந்தெனால் என்ற வைட்டமின் வகைப் பொருள் கொஞ்சம் ஈரப்பதம் தரும். தலையில் இரண்டு நிமிடம் இருந்து அலசிப் போகிற பயோட்டினால் முடி வளரும் என்பதற்கு எனக்குத் தெரிந்து நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

பொடுகு ஷாம்பு மட்டும் கதை வேறு, அதில் முன்பக்கத்தில் எழுதியிருக்கும் மருந்துதான் உண்மையிலேயே வேலை செய்கிறது. பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலசீசியா என்ற ஈஸ்ட், எல்லோர் தலையிலும் உள்ளதுதான். கீட்டோகோனசோல், ஜிங்க் பைரிதியோன், செலீனியம் சல்ஃபைடு, பிரோக்டோன் ஓலமைன் ஆகியவை அதை அடக்கும். ஜிங்க் பைரிதியோனை ஐரோப்பா 2022 மார்ச்சில் தடை செய்தது, மற்ற பல நாடுகளில் இன்னும் விற்கிறது. பலர் பொடுகு ஷாம்புவைத் தலையில் வைத்த வேகத்தில் அலசிவிட்டு, மருந்து கேட்கவில்லை என்கிறார்கள். கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புவை 3 முதல் 5 நிமிடம் ஊறவிட வேண்டும், வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம்.

ஷாம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உச்சந்தலையில்தான் தெரியும் என்று காத்திருக்காதீர்கள். நுரை வழிந்து ஓடுகிற நெற்றியோரம், காதுமடல், கழுத்து, இமை ஆகிய இடங்களில்தான் முதலில் தெரிவது வழக்கம், உச்சந்தலைத் தோல் தடித்தது. அப்படித் தொடர்ந்து வந்தால் பாட்டிலை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிடத் தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்துகொள்ளலாம். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் வைத்திருந்து எடுப்பார்கள், அப்புறம் ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்கள். முடிவில் வரும் பெயரை எழுத்து மாறாமல் போனில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கடையில் அந்த ஒரு பெயரைத் தேடினால் போதும்.