கடையைப் பூட்டச் சொல்வதற்கு முன் கடைக்காரரிடமும் கேளுங்கள்

கடையடைப்புப் பற்றிய நேற்றைய கூட்டத்தின் காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். "வியாபாரிகளுக்கு இனப்பற்றுக் கிடையாது, கல்லாப்பெட்டிதான் தெரியும்" என்று ஒருவர் மேடையில் சொல்ல, கீழே இருந்தவர்கள் கை தட்டினார்கள். அவர்களில் என் கடையில் கடன் கொப்பி வைத்திருப்பவர்களும் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் கடையடைப்புக்கு எதிரானவன் அல்லன். 2021 ஜனவரியில் யாழ். பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோதும், 2023 ஒக்டோபரில் முல்லைத்தீவு நீதிபதியின் பதவி விலகலை அடுத்தும் என் கடை பூட்டியே கிடந்தது. எங்கள் தெருவில் கடை கடையாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தவனும் நானே. நான் கேட்பது ஒன்றுதான்: நாள் குறிப்பதற்கு முன் எங்களையும் கேளுங்கள். 2025 ஓகஸ்ட் 15ஆம் திகதிக்கு அறிவிக்கப்பட்ட கடையடைப்பு, மடு மாதா திருவிழாவை முன்னிட்டு 18ஆம் திகதிக்கு மாற்றப்பட்டது. அது சரியான முடிவு. ஆனால் அந்த நாட்களில் நல்லூர்த் திருவிழாவும் நடந்துகொண்டிருந்தது. ஆண்டு முழுவதும் பட்ட கடனில் பாதியையாவது யாழ்ப்பாணத்துச் சிறுகடைக்காரர் அடைப்பது அந்த 25 நாள் வியாபாரத்தில்தான் என்பதை யாராவது நினைத்துப் பார்த்தார்களா?

"ஒரு நாள் வியாபாரம்தானே" என்பவர்களுக்கு மாத முடிவில் சம்பளம் குறையாது. மொத்த வியாபாரிக்கு நான் திகதியிட்டுக் கொடுத்த காசோலை கடையடைப்பைப் பார்த்துக் காத்திருக்காது. அந்தக் கடையடைப்பு நாள் காலை அயல்வீட்டு அக்கா கைக்குழந்தைக்குப் பால்மா கேட்டுப் பின்கதவைத் தட்டினார். பைக்கற்றை நீட்டும்போது, யாராவது படம் எடுத்துத் துரோகி என்று போட்டுவிடுவார்களோ என்று ஒழுங்கையின் இரு பக்கமும் பார்த்தேன். என் சொந்த ஊரில், ஒரு குழந்தையின் பால்மாவுக்காக, நான் அப்படிப் பயந்து நின்றேன்.

"போர்க்காலத்தில் உங்களைக் கேட்டா பூட்டினார்கள்?" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். போர்க்காலத்தை எங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வரும் தரைவழியான ஏ9 பாதை மூடப்பட்ட பின்பு, கிடைத்த சீனியைச் சரை சரையாகக் கட்டி, ஒரு வீட்டுக்கும் இல்லையென்று சொல்லாமல் கொடுத்தவர் என் அப்பா. அவருடைய கடன் கொப்பியில் இன்னும் அடைபடாத கணக்குகள் இருக்கின்றன. அவர் ஒருவரிடமும் போய்க் கேட்டதில்லை. அவருடைய மகனைப் பார்த்துத்தான் இனப்பற்று இல்லை என்கிறீர்கள்.

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு எங்கள் வட்டாரத்தில் சுவரொட்டிக் கட்டுகள் இறக்கப்பட்டது என் கடை விறாந்தையில். கூட்டத்துக்குக் கதிரை ஏற்ற வாகனம் வேண்டுமென்றால் முதல் அழைப்பு எனக்கு வரும். சனசமூக நிலையத்துக் கூரைக்கும் விளையாட்டுக் கழகத்துச் சீருடைக்கும் நன்கொடைப் புத்தகம் முதலில் வருவது கடைத்தெருவுக்குத்தான். அப்போதெல்லாம் நாங்கள் சமூகத்தின் தூண்கள். முடிவெடுக்கும் மேசையில் மட்டும் எங்களுக்குக் கதிரை இல்லை.

மேடையில் பேசியவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கை தட்டிய என் வாடிக்கையாளர்கள் நாளையும் வரலாம். கொப்பியில் எழுதியே சாமான் கொடுப்பேன். ஆனால் அடுத்த கடையடைப்புக்கு எங்களைக் கேட்காமல் நாள் குறித்தால், துண்டுப்பிரசுரக் கட்டை என் கடைக்கு அனுப்பாதீர்கள்.